ஒரு வேலை, மூன்று கணக்கு: கொழும்பில் கற்பித்துக்கொண்டே மேற்படிப்பையும் முடிக்க விரும்பும் ஆசிரியருக்கான வழிகாட்டி

வார நாட்களில் பாடசாலை, சனி ஞாயிறில் விரிவுரை, நடுவில் பதவி உயர்வுக்கான படிவங்கள். கொழும்பில் தமிழ்மொழிமூலம் கற்பிக்கும் ஆசிரியர் பலரின் நிலை இதுதான். மூன்றுக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் தவணையில் தடுமாறிப்போகிறார்கள். அதற்குக் காரணம் சோம்பல் அல்ல, மணித்தியாலக் கணக்கு. ஆகவே ஆண்டுக்கு ஒரேயொரு வகுப்பறைப் பிரச்சினையைத் தெரிவுசெய்து, பல்கலைக்கழக ஒப்படையும் செயல்நிலை ஆய்வும் (சொந்த வகுப்பிலேயே ஒரு மாற்றத்தைச் செய்து அளந்து பார்க்கும் ஆய்வு) வாண்மை விருத்திக் கோவையும் (தொழில்சார் வளர்ச்சிக்கான சான்றுகளின் கோவை) அந்த ஒன்றிலிருந்தே கிளம்பும்படி ஒழுங்குபடுத்துங்கள். சேர்க்க முடியாத இடங்களும் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

படி 1: விண்ணப்பப் படிவத்துக்கு முன் சுயவிபரக் கோவை

இலங்கை ஆசிரியர் சேவையில் எந்த வகுப்பில், எந்தத் தரத்தில் நிற்கிறீர்கள் என்பதை ஞாபகத்திலிருந்து சொல்லாதீர்கள், நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். கல்வியியற் கல்லூரி டிப்ளோமாவுடன் வந்தவர் 3-1 (ஆ), பட்டதாரியாக வந்தவர் 3-1 (அ) என்ற நிலையில் தொடங்கியிருப்பார். அங்கிருந்து அடுத்த தரத்துக்கு எது தேவை என்பதைச் சேவைப் பிரமாணக் குறிப்பு சொல்லும். அந்தக் குறிப்பின் பிரதி ஒன்றை நீங்களே வாசியுங்கள். ஆசிரியர் ஓய்வறையில் கிடைக்கும் தகவல் பாதி சரி, பாதி பழையது.

கோவையில் நான்கு விடயங்களைச் சரிபாருங்கள்: நியமனம் நிரந்தரமாக்கப்பட்ட கடிதம், வினைத்திறன் காண் தடை (சேவையில் மேலேறத் தாண்டவேண்டிய தகுதி) தொடர்பான பதிவு, கடைசிச் சம்பள ஏற்றப் படிவம், ஏற்கெனவே பெற்ற சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகள். தகுதிகாண் காலம் மூன்று ஆண்டு. அது முடிந்தும் நிரந்தரமாக்கற் கடிதம் கோவையில் இல்லாமலே பல ஆண்டுகள் கற்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் கற்கை விடுமுறை விண்ணப்பம் முதல் மேசையிலேயே நின்றுவிடும். வலயக் கல்விப் பணிமனைக்குப் போகும்போது கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். கடிதம் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

சேவை மாறும் எண்ணமும் இப்போதே தெளிவாக இருக்கட்டும். அதிபர் சேவை, கல்வி நிர்வாக சேவை, ஆசிரியர் கல்வியியலாளர் சேவை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தகுதி, வெவ்வேறு போட்டிப் பரீட்சை. நிர்வாகப் பக்கம் போக நினைப்பவருக்கும் வகுப்பறையிலேயே நிலைக்க நினைப்பவருக்கும் ஒரே முதுமாணிப் பட்டம் பொருந்தாது.

படி 2: மணித்தியாலத்தை எண்ணுங்கள்

இந்தப் படியைத்தான் அநேகர் தவிர்க்கிறார்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் (கற்கைகளை மட்டங்களாக வகுக்கும் தேசிய அளவுகோல்) ஒரு திறமைப்புள்ளி (கிரெடிட்) என்பது 50 கற்றல் மணித்தியாலம். விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் இதில் அடக்கம். ஆய்வுப் பகுதிக்கு ஒரு புள்ளி 100 மணித்தியாலம். பட்டப்பின் டிப்ளோமா 8 ஆம் மட்டம், குறைந்தது 25 புள்ளி, அதாவது 1250 மணித்தியாலம். பாடநெறி வழியான முதுமாணி 9 ஆம் மட்டம், 30 புள்ளி, 1500 மணித்தியாலம். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10 ஆம் மட்டம், 60 புள்ளி.

1250 ஐ 50 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு 25 மணித்தியாலம். இப்போது உங்கள் வாரத்தைப் பாருங்கள். மொத்தம் 168. பாடசாலை 30, பயணம் 10, நித்திரை 49, வீட்டு வேலையும் சாப்பாடும் பிள்ளைகளும் 35, பாடத் தயாரிப்பும் கொப்பி திருத்தலும் 10, பின்னேர டியூஷன் 8. மிச்சம் 26. காய்ச்சலோ கோயில் திருவிழாவோ கலியாணவீடோ ஒன்றும் குறுக்கிடாத வாரத்திலேயே ஒரு மணித்தியாலம்தான் மிஞ்சுகிறது. அப்படிப்பட்ட வாரம் வருவதில்லை.

ஆகவே பதிவுசெய்யும் முன்பே வாரத்தில் 8 மணித்தியாலத்தை விடுவிக்க வேண்டும். எங்கிருந்து என்று பார்த்தால் இரண்டே இடம்தான் உண்டு: டியூஷன், கொப்பி. டியூஷனை விடுவது வருமானக் கேள்வி. அதைக் கற்கைக் கட்டணத்தோடு சேர்த்து, “படிப்புக்கான உண்மைச் செலவு” என்று குடும்பத்தோடு இருந்து கணக்குப் பாருங்கள். நித்திரையில் கைவைப்பது மூன்று வாரம் தாங்கும், அதன்பின் தொண்டையும் வகுப்பும் சேர்ந்து பழுதாகும்.

கொப்பிக்கு ஒரு முறை இருக்கிறது. நான்கு வகுப்பு, வகுப்புக்கு 38 பேர் என்றால் 152 கொப்பி. ஒன்றுக்கு மூன்று நிமிடம் வீதம் ஏறத்தாழ ஏழரை மணித்தியாலம். மூன்று நிமிடத்தில் “பார்த்தேன்” என்ற கையொப்பத்துக்கு மேல் எதுவும் நடக்காது. அதற்குப் பதிலாக வகுப்புக்கு வாரம் 10 கொப்பி மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் நான்கு நிமிடம் ஆழமாகத் திருத்துங்கள். 160 நிமிடம். நான்கு வாரத்தில் எல்லாக் கொப்பியும் ஒரு சுற்று வந்துவிடும். மீதிப் பேருக்கு அந்த 10 கொப்பியில் கண்ட பொதுப் பிழைகளைக் கரும்பலகையில் எழுதி, தாங்களே திருத்தச் சொல்லலாம். ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் மிஞ்சும். ஒன்று மட்டும்: இந்தச் சுழற்சியைப் பகுதித் தலைவருக்கு முன்கூட்டியே சொல்லி, பெயர்ப்பட்டியலைக் கொப்பிக் கட்டோடு வையுங்கள். இல்லையென்றால் மேற்பார்வைக்கு வருபவர் திருத்தாத கொப்பியைத்தான் முதலில் இழுப்பார்.

படி 3: எங்கே, எதைப் படிப்பது

பயிற்சி பெறாத பட்டதாரி என்றால் யோசனைக்கு இடமில்லை, பட்டப்பின் கல்வி டிப்ளோமாதான் (பி.ஜி.டி.ஈ.) முதலில். கல்வி முதுமாணிக்குப் போகும் வழியும் பெரும்பாலும் அதனூடாகவே செல்கிறது. கொழும்பில் மூன்று இடம் முக்கியம்: கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடம், நாவலவிலுள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம். கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து நாவலவுக்கு 176 ஆம் இலக்க பஸ் நேரே போகும். மகரகமைக்கு ஹைலெவல் வீதியில் 138. வெள்ளவத்தையில் இருப்பவர் இவ்விரண்டு இடத்துக்கும் போவதென்றால் பெரும்பாலும் ஒரு பஸ் மாற வேண்டியிருக்கும். இது சின்ன விடயம்போலத் தெரியும், ஐம்பது சனிக்கிழமையால் பெருக்கிப் பாருங்கள்.

காசு கட்டும் முன் கேட்க வேண்டியவை சில. இந்த அணிக்குத் தமிழ்மொழிமூல வகுப்பு உண்மையில் தொடங்குமா, போதிய பேர் சேராவிட்டால் என்ன செய்வார்கள்? கற்பித்தற் பயிற்சியைச் சொந்தப் பாடசாலையிலேயே செய்யலாமா? வரவு எத்தனை சதவீதம் வேண்டும்? 80 என்றால் ஐந்து நாளில் ஒரு நாள்தான் தவறலாம். பரீட்சை எந்த மாதம்? க.பொ.த. விடைத்தாள் மதிப்பீட்டுக்குப் போகிறவர்கள் இரண்டும் மோதுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தனியார் நிறுவனங்கள் வழங்கும் வெளிநாட்டு முதுமாணிகளின் விளம்பரமும் கண்ணில் படும். சில நல்லவை. ஆனால் பதவி உயர்வுக்கு அமைச்சு அந்தப் பட்டத்தை ஏற்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறாமல் முற்பணம் கட்டாதீர்கள். “எல்லாரும் செய்கிறார்கள்” என்று முகவர் சொல்வது பதில் ஆகாது.

முழுநேரமாகப் படிக்கக் கற்கை விடுமுறை கேட்பதென்றால் விண்ணப்பம் அதிபர் ஊடாகவே போகவேண்டும். தேசிய பாடசாலையிலிருந்து பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள அமைச்சுக்கு, மாகாணப் பாடசாலையிலிருந்து வலயம் ஊடாக மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு. சம்பளத்துடனான விடுமுறைக்குப் பிணை ஒப்பந்தம் உண்டு. முடித்த பின் எத்தனை ஆண்டு கட்டாயச் சேவை என்பதை வாசித்துவிட்டே கையொப்பமிடுங்கள்.

படி 4: ஒரு வகுப்பறை இலக்கு, எண்ணக்கூடியதாக

முழு ஏற்பாடும் இதில்தான் நிற்கிறது. “மாணவரின் மொழித்திறனை மேம்படுத்தல்” என்பது இலக்கு அல்ல, அதை எவராலும் அளக்க முடியாது. தரம் 7 தமிழ் வகுப்பை எடுத்துக்கொள்வோம். ல-ள-ழ, ர-ற, ந-ன-ண மயக்கம் எல்லாக் கொப்பியிலும் இருக்கிறது. இலக்கை இப்படி எழுதலாம்: “தவணை முடிவில் 38 பேரில் குறைந்தது 28 பேர், சொல்வதெழுதலில் வரும் 30 சொற்களில் 24 ஐப் பிழையின்றி எழுதுவர்.”

முதலில் 30 சொல் கொண்ட நான்கு பட்டியல் தயாரியுங்கள். ஒவ்வொன்றிலும் எழுத்துக் கூட்டத்துக்குப் பத்துச் சொல். ஒரு பட்டியலில் வந்த சொல் மற்றதில் வரக்கூடாது. அதே சொற்களை மீண்டும் கேட்டால் அளப்பது நினைவாற்றலை மட்டும்தான். சொற்களைத் தனியே சொல்லாமல் வாக்கியத்தில் வைத்து, இயல்பான குரலில் இரண்டு தரம் வாசியுங்கள். இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது: வழமையாக ழகரத்தை ளகரமாகப் பேசும் ஆசிரியரும் பரீட்சையில் நாக்கை வளைத்து “வழி” என்று அழுத்திச் சொல்லி விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். முடிந்தால் நான்கு சோதனையையும் ஒரே சக ஆசிரியர் வாசிக்கட்டும்.

திருத்தும்போது மொத்தப் புள்ளியோடு நிறுத்தாதீர்கள், பிழையை வகைப்படுத்துங்கள். சில பிழைகள் விதியால் தீரும்: ட முன் ண் (வண்டி), ற முன் ன் (கன்று), த முன் ந் (பந்து), சொல் முதலில் ந. வெந்நீர் போன்றவற்றைத் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டும். வேறு சில பிழைகள் விதிக்கு அடங்காதவை: வலி, வளி, வழி, மனம், மணம், கரை, கறை, பரவை, பறவை. இவை பொருளோடும் கண்பழக்கத்தோடும் வருபவை. முதல் வகை ஒன்றிரண்டு பாடத்தில் குறையும். இரண்டாம் வகைக்குத் திரும்பத் திரும்ப வாசிப்பும் எழுத்தும் வேண்டும். இரண்டையும் ஒரே பயிற்சித்தாளில் கலப்பதால்தான் பல பரிகாரக் கற்பித்தல் பலனின்றிப் போகிறது. ஆய்வறிக்கையில் பகுப்பாய்வு அத்தியாயத்துக்கான சரக்கும் இந்த வகைப்பாட்டிலேயே கிடைக்கிறது.

தலையீடு ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை, பாடவேளையின் முதல் பத்து நிமிடம். மொத்தம் 12 அமர்வு, கூட்டத்துக்கு நான்கு. இதற்கு மேல் எடுத்தால் பாடத்திட்டம் பின்தங்கும். பாடத்திட்டம் பின்தங்கினால் முறையிடுவது பெற்றோர்தான், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும்.

அடுத்த பொறி, மிகக் குறைந்த புள்ளி எடுத்த பத்துப் பேரைத் தெரிந்து அவர்களின் முன்னேற்றத்தைக் காட்டுவது. ஒரு நாள் மிகக் குறைவாக எடுத்தவர்களில் சிலர் அன்று நித்திரைக் கலக்கத்தில் இருந்தவர்கள். ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த சோதனையில் கொஞ்சம் கூடத்தான் எடுப்பார்கள். ஆகவே முற்சோதனையை ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை வையுங்கள். முதலாவதால் ஆட்களைத் தெரியுங்கள், இரண்டாவதை ஆரம்பப் புள்ளியாகக் கொள்ளுங்கள். மூன்றாம் பட்டியல் பிற்சோதனைக்கு. நான்காவது மூன்று வாரம் கழித்து, சொல்லிவைக்காமல். பிற்சோதனையில் 25 எடுத்த பிள்ளை அதில் 17 எடுத்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். பரிசீலகர்கள் தேடுவது அந்த நேர்மையைத்தான். எல்லாம் ஏறிக்கொண்டே போகும் வரைபைக் கண்டால் அவர்களுக்குச் சந்தேகம் வரும்.

நான்கு சோதனைக்கும் வராதவர்களைப் பகுப்பாய்விலிருந்து விலக்கி, 38 இல் எத்தனை பேர் மிஞ்சினர் என்பதைச் சொல்லவேண்டும். திருத்த ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம் வைத்தால் நான்கு சோதனைக்கும் மொத்தம் ஐந்து மணித்தியாலம்.

ஒப்புநோக்க ஒரு வகுப்புக்குக் கற்பிக்காமல் விடும் யோசனை ஆய்வு நூல்களில் அழகாக இருக்கும், உங்கள் பிள்ளைகளிடம் செய்யக் கூடாது. சமாந்தர வகுப்பு இருந்தால் அவர்களுக்கும் அதே பயிற்சியை ஆறு வாரம் கழித்துத் தொடங்குங்கள். அந்த இடைவெளியே ஒப்பீட்டைத் தரும்.

அனுமதி: அதிபரிடம் எழுத்தில், பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம். பெயருக்குப் பதில் மா1 முதல் மா38 வரை குறியீடு, பெயர்-குறியீட்டுப் பட்டியல் வேறிடத்தில் பூட்டி. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் புள்ளி போடுவதும், முகம் தெரியும் படத்தை அறிக்கையில் ஒட்டுவதும் ஒரு முறையீட்டில் முழு ஆய்வையும் நிறுத்திவிடும்.

படி 5: ஒன்றிலிருந்து மூன்று

அந்த 12 அமர்விலிருந்து எவையெல்லாம் வரும் என்று பாருங்கள். கணிப்பீடு பற்றிய ஒப்படைக்குச் சோதனைப் பட்டியல் தயாரித்த முறை. கல்வி உளவியல் ஒப்படைக்கு நினைவும் மறதியும், நான்காம் சோதனையின் சரிவோடு. செயல்நிலை ஆய்வுக்கு முழுச் சுற்று: திட்டமிடல், செயல், அவதானம், மீள்சிந்தனை. பாடசாலை மட்ட வாண்மை விருத்திக்குத் தமிழ்ப் பாட ஆசிரியர்களுக்கு அரை மணித்தியால அமர்வு. கோவைக்கு அந்த அமர்வின் வரவுத்தாள், பயிற்சித்தாள், அதிபரின் கையொப்பம்.

எல்லை எங்கே என்றால், தரவை மீளப் பயன்படுத்தலாம், எழுதிய பந்தியை மீளப் பயன்படுத்தக் கூடாது. ஒரு ஒப்படைக்குக் கொடுத்ததை இன்னொன்றில் அப்படியே ஒட்டுவதும் எழுத்துத் திருட்டாகவே கணக்கெடுக்கப்படும். “இத்தரவின் ஒரு பகுதி முன்னைய ஒப்படையிலும் பயன்பட்டது” என்று ஒரு வரி எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

போட்டிப் பரீட்சைத் தயாரிப்பு இந்த ஏற்பாட்டில் சேராது. கல்வி நிர்வாக சேவைப் பரீட்சையும் பட்டப்பின் கற்கையும் ஒரே ஆண்டில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இரண்டையும் முடித்தவர்கள் உண்டு. அந்த ஆண்டு அவர்களின் வகுப்பு என்ன ஆனது என்பதையும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

படி 6: நாட்காட்டியைப் பின்னாலிருந்து நிரப்புங்கள்

ஒப்படைத் திகதிகளை முதலில் குறித்து, அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் தரவு சேகரிக்கும் காலம் அல்ல, பின்னேரப் பாடவேளைகள் மைதானத்துக்குப் போய்விடும். தமிழ்மொழித் தினப் போட்டிகள் தொடங்கினால் தமிழ் ஆசிரியருக்கு மூச்சுவிட நேரமில்லை. நாடகமும் விவாதமும் வலய மட்டத்தைத் தாண்டினால் இன்னும் மோசம். நவராத்திரி வாரத்தில் பிற்சோதனை வைக்காதீர்கள். சோதனை இரண்டு, ஆறு வாரத் தலையீடு, பிற்சோதனை, இடைவெளி, நான்காம் சோதனை என்று மொத்தம் ஏறத்தாழ 12 வாரம் வேண்டும். இடையில் தவணை விடுமுறை வந்தால், நான்காம் சோதனை மட்டும் விடுமுறைக்குப் பின் விழும்படி வைப்பது நல்லது. மறதியை அளக்க அதைவிட நல்ல வேளை இல்லை.

ஓகஸ்ட் விடுமுறையை முழுக்க எழுத்துக்கு விடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். பாதியை விடுங்கள். மறுபாதி உங்கள் பிள்ளைகளுடையது.

படி 7: அதிபரிடம் கேட்கும் முறை

நேரசூசி தயாராகும் முன், டிசம்பரிலேயே போங்கள். சலுகை கேட்பதுபோல் அல்ல, திட்டத்தோடு. “சேர், அடுத்த வருஷம் கம்பஸில பி.ஜி.டி.ஈ. செய்யிறன். தரம் 7 பிள்ளைகளின்ர எழுத்துப்பிழையத்தான் ஆய்வா எடுக்கப்போறன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைய ஃப்ரீயா விட்டுத்தந்தா, ஆய்வு முடிய மற்ற டீச்சர்மாருக்கும் அதைச் செய்துகாட்டுவன்” என்று சொல்லலாம். அதோடு ஒரு பக்கக் கடிதமும் கொடுங்கள்: கற்கையின் பெயர், காலம், பரீட்சை மாதம், உங்கள் வேண்டுகோள், பாடசாலைக்குக் கிடைப்பது.

புதிய பொறுப்புகள் வரும்போது ஒன்றை ஏற்று ஒன்றைக் கைமாற்றுங்கள். மன்றப் பொறுப்பு, சஞ்சிகைக் குழு, விளையாட்டு இல்லம் மூன்றும் உங்கள் பெயரில் இருந்தால், படிப்புக்கு முன் இரண்டையாவது இளைய ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். பதில் கடமைப் பாடவேளைகள் தவிர்க்க முடியாதவை. அதற்கென்றே பையில் திருத்தவேண்டிய பத்துக் கொப்பி இருக்கட்டும்.

படி 8: எழுத்துவேலையின் தொழில்நுட்பத் தொல்லைகள்

பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள் முதல் ஒப்படைக்கு முன்பே யுனிகோடுக்கு மாறிவிடுங்கள். பாமினியில் எழுதியதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், கோப்பில் தேடவும் முடியாது. பழைய கோப்பை மாற்றியில் போட்டு மாற்றினால் கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறிப்போகும், எண்களும் நிறுத்தக் குறிகளும் கெடும். மாற்றிய பின் ஒரு தரம் முழுதாக வாசியுங்கள்.

உசாத்துணையில் தமிழ்ப் பெயர்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை என்பதால் தந்தை பெயரின் முதலெழுத்தைப் பின்னுக்கு எடுத்து, சொந்தப் பெயரை முன்னால் எழுதுவது வழக்கம். எந்த முறை என்றாலும் அறிக்கை முழுவதும் ஒன்றாக இருக்கட்டும். இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு ‘நூலகம்’ (noolaham.org) இணையத்தளம் உதவும். வீட்டில் இடமில்லாதவருக்கு வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம், நகர மண்டபப் பக்கத்தில் கொழும்புப் பொது நூலகம். கோப்பை பென்டிரைவில் மட்டும் வைத்திருக்க வேண்டாம், கூகுள் டிரைவிலும் மின்னஞ்சலிலும் ஒவ்வொரு பிரதி. கோப்பின் பெயரில் திகதி போடுங்கள். “இறுதி”, “புதிய இறுதி”, “கடைசி இறுதி” என்று மூன்று கோப்பு இருந்தால் பிழையானதுதான் அச்சகத்துக்குப் போகும்.

படி 9: பெறுபேறு வந்த பின்

பட்டமளிப்பு விழாவும் சான்றிதழும் தாமதமாகும், அதுவரை காத்திருக்க வேண்டாம். பெறுபேறு வெளியான வாரமே பல்கலைக்கழகப் பதிவாளர் கிளையில் பெறுபேற்றை உறுதிப்படுத்தும் கடிதமும் புள்ளிப்பட்டியலும் கேளுங்கள். கடிதத்தில் பட்டம் செல்லுபடியாகும் திகதி இருக்கிறதா என்று பாருங்கள். சம்பள மாற்றமும் நிலுவையும் அந்தத் திகதியில் தொங்கும். தேசிய அடையாள அட்டையிலுள்ள பெயரும் பல்கலைக்கழகப் பதிவிலுள்ள பெயரும் ஓரெழுத்து வேறுபட்டாலும் வலயத்தில் சத்தியக்கடதாசி கேட்பார்கள். கலியாணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள் இதைப் பதிவுசெய்யும் நாளிலேயே சரிபார்ப்பது நல்லது. மூன்று உறுதிப்படுத்திய பிரதி எடுத்து, ஒன்றைப் பாடசாலைக் கோவைக்கும் ஒன்றை அதிபரின் முகப்புக் கடிதத்துடன் வலயத்துக்கும் கொடுத்து, மூன்றாவதில் பெற்றுக்கொண்ட திகதி முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.